ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30ஆம் ஆண்டுத் தொகுப்பு: களமும் காப்பகமும்

கேப்காம் என்ற ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனம் 2018ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30ஆம் ஆண்டுத் தொகுப்பு’ என் வீட்டுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. வாங்கிய புதிதில் எழுத உட்கார்ந்திருந்தால், பழைய நினைவுகளின் கிளர்ச்சியில் அது வெறும் பாராட்டுரையாகவே முடிந்திருக்கும். அதிலுள்ள பன்னிரண்டு விளையாட்டுகளையும் பலமுறை ஆடி, ஆவணப் பகுதியை நிதானமாகப் பார்த்து முடித்த பிறகே இதை எழுதுகிறேன். விடுமுறை நாளில் நண்பர்களோடு ஆடுவதற்கு மட்டும் என்று வாங்குபவர்களுக்கு இதில் சில குறைகள் தென்படும். இரண்டு மனிதர்கள் ஒரு திரையின் முன் அமர்ந்து பொம்மை உருவங்களால் மோதிக்கொள்ளும் இந்தக் கலை எப்படி வளர்ந்தது என்பதை விரல்களாலேயே அறிந்துகொள்ள விரும்புபவர்களுக்கோ, இதைவிடச் சிறந்த ஒரு தொகுப்பை என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

1987இல் வந்த முதல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ தொடங்கி, மூன்றாம் விளையாட்டின் கடைசிப் பதிப்பாக 1999இல் வந்த ‘தேர்டு ஸ்ட்ரைக்’ வரை பன்னிரண்டு ஆண்டுகளின் வரிசை இதில் இருக்கிறது. முதல் விளையாட்டு ஒன்று, இரண்டாம் விளையாட்டின் ஐந்து பதிப்புகள், ஜப்பானில் ‘ஜீரோ’ என்றும் வெளிநாடுகளில் ‘ஆல்ஃபா’ என்றும் அழைக்கப்பட்ட வரிசையில் மூன்று, மூன்றாம் விளையாட்டின் மூன்று பதிப்புகள் என்று கணக்கு சரியாக வரும். எல்லாமே காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரங்களுக்காக எழுதப்பட்ட மூலப் பதிப்புகள். பழைய விளையாட்டுகளைப் பாதுகாத்து மறுவெளியீடு செய்வதில் பெயர் பெற்ற டிஜிட்டல் எக்லிப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இவற்றைப் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச், கணினி ஆகிய நான்கிற்கும் கொண்டுவந்தது.

திரையில் சண்டை என்ற எண்ணம் கேப்காமுக்கு முந்தையது. சேகா நிறுவனம் 1976இலேயே ‘ஹெவிவெயிட் சாம்ப்’ என்ற குத்துச்சண்டை எந்திரத்தைச் செய்தது. ஆடுபவர் குத்துச்சண்டைக் கையுறை வடிவிலான கைப்பிடிக்குள் கையை நுழைத்து அதை அசைக்க வேண்டும். 1984இல் ‘கராத்தே சாம்ப்’ வந்தது. அதில் பொத்தானே கிடையாது. இரண்டு ஜாய்ஸ்டிக்குகளை வெவ்வேறு திசைகளில் தள்ளி அடிகளை வரவழைத்தார்கள். அடுத்த ஆண்டு கொனாமியின் ‘யி ஆர் குங்ஃபூ’ வெவ்வேறு ஆயுதமும் வெவ்வேறு பாணியும் கொண்ட எதிரிகளை ஒருவர்பின் ஒருவராக நிறுத்தியது. ஐரெம் நிறுவனத்தில் ‘குங்ஃபூ மாஸ்டர்’ விளையாட்டை உருவாக்கிய தகாஷி நிஷியாமா கேப்காமுக்கு வந்து, ஹிரோஷி மட்சுமோட்டோவுடன் சேர்ந்து 1987இல் செய்ததுதான் இந்தத் தொகுப்பின் முதல் விளையாட்டு.

அந்த முதல் விளையாட்டை ஆடுவது இன்று இன்பமான அனுபவமில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அசைவுகள் வெட்டி வெட்டி வருகின்றன. கணினி எதிராளி இரண்டே அடிகளில் நம் உயிர்க்கோட்டில் பாதியைத் தின்றுவிடுகிறான். நாயகன் ரியூ கையிலிருந்து வீசும் ஒளிப்பந்தான ஹடோக்கன், எகிறிக் குத்தும் ஷோரியூக்கன், சுழல் உதை ஆகிய மூன்று மறைவு அடிகளும் இதிலேயே பிறந்துவிட்டன என்றாலும், பத்து முறை முயன்றால் ஒருமுறை வருவதே அரிது. ஆனாலும் இது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. இந்த எந்திரத்தின் முதல் வடிவத்தில் குத்துக்கு ஒன்றும் உதைக்கு ஒன்றுமாகக் காற்றழுத்தத்தில் இயங்கும் இரண்டு பெரிய ரப்பர் மெத்தைகள் இருந்தன. எவ்வளவு ஓங்கி அடிக்கிறோமோ அவ்வளவு வலுவாகத் திரையில் அடி விழும். ஆடுபவர்களின் கை வலித்தது, மெத்தைகளும் தேய்ந்தன. ஆகவே மெல்லிய, நடுத்தர, கனத்த குத்துகள் மூன்றுக்கும் அதேபோல் உதைகள் மூன்றுக்குமாக ஆறு பொத்தான்கள் வைத்த எந்திரம் வந்தது. இன்றைக்கும் இந்த வரிசையின் அடிப்படை அந்த ஆறு பொத்தான்கள்தான். இதைத் தெரிந்துகொண்டு விளையாட்டைத் திறந்தால், விரலுக்கடியில் இருக்கும் ஒவ்வொரு பொத்தானும் உடைந்துபோன ஒரு ரப்பர் மெத்தையின் வாரிசு என்பது புரியும்.

நிஷியாமா அதன்பின் எஸ்.என்.கே. நிறுவனத்துக்குப் போய்விட்டார். கேப்காமில் அடுத்து உருவான தெருச்சண்டை விளையாட்டு முதலில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 89’ என்றே வர்த்தகக் கண்காட்சியில் காட்டப்பட்டு, ஆடும் முறை முற்றிலும் வேறு என்பதால் ‘ஃபைனல் ஃபைட்’ என்று பெயர் மாற்றப்பட்டது. அந்தக் குழுவில் இருந்த அகிரா நிஷிதானி, அகிரா யசுதா ஆகிய இருவரின் திட்டமிடலில்தான் 1991இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வந்தது.

இந்தத் தொகுப்பின் இதயம் அதுதான். எட்டுப் பேர், எட்டு உடல்மொழிகள். ரியூவும் கெனும் ஏறக்குறைய ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் மற்ற ஆறு பேரும் ஒருவரைப்போல் ஒருவர் இல்லை. அமெரிக்க விமானப்படை வீரன் கைல் தன் ஒலியலையை வீச, ஜாய்ஸ்டிக்கைச் சிறிது நேரம் பின்னால் பிடித்துவைத்துக் காத்திருந்து, சட்டென்று முன்னால் தள்ளிக் குத்த வேண்டும். ரஷ்ய மல்லன் ஜாங்கீஃப் எதிராளியைத் தூக்கி அடிக்க ஜாய்ஸ்டிக்கை முழு வட்டமாகச் சுற்ற வேண்டும். எட்டுப் பேரில் ஒரே பெண்ணான சுன்-லீ பொத்தானைத் தொடர்ந்து தட்டினால் மின்னல் உதைகள் உதைப்பாள். சண்டைக்காரனின் குணம் கையசைவிலேயே வந்துவிடுகிறது. கைலை ஆடுபவர் பொறுமைசாலியாகத்தான் ஆக முடியும், ஜாங்கீஃபை ஆடுபவர் நெருங்கிப் போகும் துணிச்சலைப் பழகியே தீர வேண்டும். பயில்வானின் சிலம்பப் பாணியைப் பார்த்தே ஆசான் யாரென்று சொல்லிவிடுவார்கள் என்பார்களே, அதைப்போல ஒருவர் தேர்ந்தெடுக்கும் உருவத்தை வைத்தே அவரை ஓரளவு எடைபோட முடிகிற விளையாட்டு இது.

சண்டை விளையாட்டுகள் அனைத்தின் உயிர்நாடியான ‘காம்போ’, அதாவது எதிராளி மீள்வதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடிகளைக் கோத்துவிடும் வித்தை, இந்த விளையாட்டில் திட்டமிட்டு வந்ததன்று. தயாரிப்புக் குழுவில் இருந்த நொரிடாகா ஃபுனாமிசு, காரை அடித்து நொறுக்கும் இடைச்சுற்றில் பிழை தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு குத்து முடிவதற்குள் இன்னொரு குத்தையும் சேர்த்துவிட முடிவதைக் கண்டதாகப் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காலக்கணக்கு மிக நுட்பமானது, யாரும் எளிதில் செய்துவிட மாட்டார்கள் என்று நினைத்து அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆடுபவர்கள் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். பிழையென்று திருத்தப்பட்டிருக்க வேண்டிய ஒன்று ஒரு கலையின் இலக்கணமாக ஆனது. 1992இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த வீட்டுப் பதிப்பு மட்டும் 63 லட்சம் பிரதிகள் விற்றது என்பதைச் சொன்னால் அந்த அலையின் உயரம் விளங்கும்.

அந்த அலை எங்கள் ஊர் வரைக்கும் வந்தது. திருச்சியில் நான் எட்டாம் வகுப்பு படித்தபோது பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. டியூப்லைட்டை அணைத்து வைத்த நீளமான அறை, மூன்று மர எந்திரங்கள், ஒரு ரூபாய்க்கு ஒரு பித்தளைக் காயின். நடுவில் இருந்த எந்திரத்தின் ஜாய்ஸ்டிக்கில் உருண்டை கழன்று விழுந்து வெறும் கம்பி மட்டும் இருந்தது. அதன்மேல் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார்கள். அந்த எந்திரத்தில் ஹடோக்கன் ஒன்று ஒன்றாக வராது, மழையாகக் கொட்டும். அந்தரத்தில் குதித்தபடியே வீசலாம். ஸ்டார்ட் பொத்தானைத் தட்டினால் சண்டையின் நடுவிலேயே ரியூ ஜாங்கீஃபாக மாறிவிடுவான். அதுதான் ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்று பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஆடியது கேப்காம் செய்த விளையாட்டே இல்லை என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. ‘சாம்பியன் எடிஷன்’ பதிப்பின் நிரலைக் கள்ளத்தனமாக மாற்றி உலகெங்கும் பரவவிட்ட ‘ரெயின்போ எடிஷன்’ என்ற திருட்டு மின்சுற்றுப் பலகை அது. அமெரிக்காவிலும் அது பெருவாரியாகப் பரவி, அசல் விளையாட்டு மெதுவாகத் தெரிகிறது என்ற எண்ணத்தைக் கடைகளில் உண்டாக்கிவிட்டது. அதற்கு விடையாகத்தான் 1992 டிசம்பரில் கேப்காம் தானே வேகத்தைக் கூட்டி, சில உருவங்களுக்குப் புதிய அடிகளையும் சேர்த்து ‘ஹைப்பர் ஃபைட்டிங்’ பதிப்பை வெளியிட்டது. இந்தத் தொகுப்பில் ஹைப்பர் ஃபைட்டிங் இருக்கிறது, ரெயின்போ இல்லை. சட்டப்படி அது இருக்கவும் முடியாது. என்றாலும் ஆடுபவர்களும் கள்ளர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து இழுத்த இழுப்பில்தான் இந்த வரிசை நகர்ந்தது என்ற உண்மையின் ஒரு பாதி, எந்த அதிகாரபூர்வத் தொகுப்பிலும் இடம்பெற முடியாமல் வெளியே நிற்கிறது. எங்கள் சந்துக் கடைக்குப் போன தலைமுறைக்கு இது சிறிய இழப்பன்று.

இரண்டாம் விளையாட்டின் ஐந்து பதிப்புகளையும் ஒரே தொகுப்பில் வைத்தது தேவையற்ற நிரப்பல் என்று சொல்பவர்கள் உண்டு. நான் முழுமையாக மறுக்கிறேன். ஐந்தையும் ஒரே மாலையில், ஒரே உருவத்தை எடுத்துக்கொண்டு வரிசையாக ஆடிப் பாருங்கள். முதல் பதிப்பில் இருவரும் ஒரே உருவத்தை எடுக்க முடியாது. ரியூவை முதலில் தொட்டவருக்கு ரியூ, மற்றவர் கெனை எடுத்துக்கொண்டு சமாதானம் அடைய வேண்டும். ‘சாம்பியன் எடிஷன்’ அந்தத் தடையை நீக்கி, அதுவரை கடைசிச் சுற்றுகளில் கணினியின் கையில் மட்டும் இருந்த நான்கு எதிரித் தலைவர்களையும் நமக்குத் தந்தது. ‘ஹைப்பர் ஃபைட்டிங்’ வேகத்தைத் தந்தது. 1993இல் வந்த ‘சூப்பர்’ கேப்காமின் புதிய மின்சுற்றுப் பலகையான சிபிஎஸ்-2க்கு மாறி, கேமி, ஃபெய் லாங், டீ ஜே, டி ஹாக் ஆகிய நால்வரைச் சேர்த்து, ஓவியங்களையும் குரல்களையும் புதுப்பித்தது; ஆனால் வேகம் மறுபடியும் குறைந்துபோனது. 1994இன் ‘சூப்பர் டர்போ’ வேகத்தை மீட்டு, அடிகளைக் கொடுக்கக் கொடுக்க நிரம்பும் ஒரு கோட்டையும் அது நிரம்பியதும் விடக்கூடிய பேரடியையும் அறிமுகப்படுத்தியது. இன்றைய சண்டை விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் திரையின் அடியில் ஓடும் கோட்டுக்கு முன்னோடிகளில் ஒன்று அது. மூன்றாண்டுகளில் ஐந்து பதிப்புகள் என்பது வணிகப் பேராசையாகவும் இருந்திருக்கலாம். அதன் விளைவு என்னவோ, ஒரு விளையாட்டின் சமநிலையை எப்படித் தீட்டித் தீட்டிக் கொண்டுவருவது என்பதற்கான ஒரு பாடநூல்.

இந்த ஐந்து பதிப்புச் சோதனைக்கு நான் எடுத்துக்கொண்ட உருவம் தால்சிம். இந்தியாவுக்காக நிற்கும் யோகி அவன். எங்கள் கடையில் யாரும் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, ‘யோகா’ என்றுதான் சொல்வோம். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, இருபுறமும் தும்பிக்கை தூக்கிப் பிளிறும் யானைகள் நிற்கும் மாளிகை. இந்தியாவைப் பார்க்காத ஒருவர் இந்தியாவைப் பற்றிக் கேட்ட அத்தனையையும் ஒரே உடலில் ஏற்றிவைத்த உருவம் என்று வளர்ந்த பிறகு எனக்கு மனத்தாங்கல் இருந்தது. அந்தப் பெயரும் நம் நாட்டில் எந்த மொழியிலும் கேட்ட பெயராக இல்லை. கொள்ளை நோயில் இறந்த தன் ஊர்க் குழந்தைகளின் நினைவாகவே அவன் அந்த மண்டையோடுகளை அணிந்திருக்கிறான் என்ற கதையைப் பின்னால் படித்தபோது, கேலிச்சித்திரத்துக்குள்ளும் கொஞ்சம் கருணையை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. மனத்தாங்கல் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஆட்டக்காரனாக அவனைப் பார்த்தால் வேறொரு மரியாதை வருகிறது. திரையின் பாதி தூரம் வரை கை நீளும், கால் நீளும். ஆனால் நீட்டிய கையும் அடிபடக்கூடிய உடல்தான் என்பதால், தவறான நேரத்தில் நீட்டினால் எதிராளி கைமேலேயே அடித்துவிடுவான். எட்டுவதற்கு உடலைப் பணயம் வைக்க வேண்டும் என்பது அந்த உருவத்தின் தர்மம். முதல் இரண்டு பதிப்புகளில் அவனை மூலையில் தள்ளிவிட்டால் தப்பிக்க வழியே இல்லை. ஹைப்பர் ஃபைட்டிங்கில் அவனுக்கு மறைந்து வேறிடத்தில் தோன்றும் வித்தை வருகிறது. அதே மூலை, அதே எதிராளி, ஆனால் ஆட்டமே தலைகீழாகிவிடுகிறது. இதை ஒரு கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்வதும், இரண்டு பதிப்புகளை மாற்றி மாற்றித் திறந்து கைகளால் உணர்வதும் ஒன்றாகாது. இந்தத் தொகுப்புக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுவே.

ஆல்ஃபா வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 1995, 1996, 1998 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்றும் ஜப்பானிய கார்ட்டூன் பாணியில் கண்ணுக்கு இனிமையாக இருக்கின்றன. கதைப்படி முதல் விளையாட்டுக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட காலம் என்பதால் எல்லோரும் இளமையாக இருக்கிறார்கள். ஃபைனல் ஃபைட் ஆட்களும் சேர்ந்துகொள்கிறார்கள். மூன்றில் இரண்டாவது மிகச் சீரானது, மூன்றாவது மிகப் பரந்தது. ஆனால் ஆல்ஃபா 3இன் வீட்டுப் பதிப்புகளில் சேர்க்கப்பட்ட கூடுதல் உருவங்களும் உலகச் சுற்றுப்பயண ஆட்டமும் இதில் இல்லை. ஆர்கேட் மூலத்தை மட்டுமே தருவது என்ற கொள்கையின் விலை அது. பிளேஸ்டேஷனில் அந்த விளையாட்டில் மூழ்கியவர்கள் இதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

அந்தக் கொள்கைக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அது பலகைகளைப் பற்றியது. திருட்டுப் பலகைகளால் பட்ட பாட்டுக்குப் பிறகு, கேப்காம் தன் சிபிஎஸ்-2 பலகையில் விளையாட்டின் நிரலையே மறைகுறியாக்கம் செய்து, அதைத் திறக்கும் சாவியை ஒரு சிறிய மின்கலத்தின் தயவில் இயங்கும் நினைவகத்தில் வைத்தது. மின்கலம் தீர்ந்தால் சாவி அழியும். சாவி அழிந்தால் அந்தப் பலகையால் எதையும் இயக்க முடியாது. சேகரிப்பாளர்கள் இதைத் ‘தற்கொலை மின்கலம்’ என்று அழைத்தார்கள். மூன்றாம் விளையாட்டு ஓடிய சிபிஎஸ்-3இலும் குறுந்தகட்டோடு சேர்ந்து வந்த பாதுகாப்புப் பெட்டிக்குள் இதே ஏற்பாடு. கணக்குப் பார்த்தால் இந்தத் தொகுப்பின் பன்னிரண்டில் எட்டு விளையாட்டுகள், தம் மூல வடிவத்தில் தாமாகவே மாய்ந்துபோகும்படி அமைக்கப்பட்ட பலகைகளில் வெளிவந்தவை. பல ஆண்டுகள் தனி ஆர்வலர்கள் உழைத்து அந்தப் பூட்டுகளை ஆராய்ந்து அவிழ்த்ததால் அவற்றின் மரணம் தடுக்கப்பட்டது. ஒரு நிறுவனம் தன் படைப்புகளுக்குத் தானே வைத்த முடிவுத் தேதியைக் கடந்து, அவற்றை அதே நிறுவனத்தின் முத்திரையோடு இன்று யாரும் வாங்கி ஆட முடிகிறது என்பதை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி ஆவணப் பகுதி. ‘மியூசியம்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள், அந்தப் பெயருக்குத் தகுதி இருக்கிறது. காலவரிசையில் நகர்ந்தால் ஒவ்வோர் ஆண்டிலும் வெளிவந்த விளையாட்டுகள், விளம்பர ஓவியங்கள், வரைவுகள். நிறுவனத்துக்குள் சுற்றிய முன்மொழிவுத் தாள்கள் சிலவும் இருக்கின்றன. ஜப்பானியக் கையெழுத்தும் விரைந்து கிறுக்கிய உருவங்களும் நிறைந்த அந்தத் தாள்களில், முடிவாகாத ஒரு விளையாட்டு தயங்கித் தயங்கி உருவாவதைப் பார்க்கலாம். இரண்டாம் விளையாட்டுக்கு இசையமைத்த யோகோ ஷிமோமுராவின் இசையைத் தனியாகப் போட்டுக் கேட்கலாம். சந்துக் கடையின் இரைச்சலில் ஒருநாளும் முழுதாகக் கேட்டிராத தால்சிம்மின் இசையை முதன்முறையாக அமைதியாகக் கேட்டது இங்கேதான். விளையாட்டின் நான்கு எதிரித் தலைவர்களில் மூவரின் பெயர்கள் அமெரிக்கப் பதிப்பில் இடம் மாறிய கதையையும் தெரிந்துகொண்டு பார்த்தால் சுவை கூடும். ஜப்பானில் அவர்களில் குத்துச்சண்டைக்காரனின் பெயர் மைக் பைசன். உண்மையான குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் வழக்குத் தொடுப்பாரோ என்ற அச்சத்தில் பெயர்களைச் சுழற்றியதால்தான் குத்துச்சண்டைக்காரன் பால்ராக் ஆனான், ஸ்பானிய நகவீரன் வேகா ஆனான், சர்வாதிகாரி எம். பைசன் ஆனான்.

நான் அதிக நேரம் செலவிட்டது உருவங்களின் அசைவுகளைப் படம் படமாக நிறுத்திப் பார்க்கும் வசதியில். ஒரு குத்து என்று நாம் நினைப்பது சில படங்களின் கோவை. கை பின்னுக்குப் போவது, பாய்வது, நின்று திரும்புவது. கனத்த குத்தில் திரும்பும் பகுதி நீளம். அந்த நீளம்தான் எதிராளிக்குக் கிடைக்கும் வாய்ப்பு. 384க்கு 224 என்ற புள்ளிகளுக்குள் இருக்கும் திரையில், தசை இறுகுவதையும் துணி மடிவதையும் ஓர் ஓவியர் எத்தனை குறைவான புள்ளிகளில் சொல்லிவிட்டார் என்று பார்த்தால் வியப்பு அடங்காது. 1999இல் ‘தேர்டு ஸ்ட்ரைக்’ வரும்போது எல்லோரும் முப்பரிமாணத்துக்குப் போயிருந்தார்கள். சேகாவின் ‘விர்ச்சுவா ஃபைட்டர்’ 1993லும் நாம்கோவின் ‘டெக்கன்’ அடுத்த ஆண்டிலும் வந்துவிட்டன. அந்த நிலையிலும் கையால் வரைந்த ஓவியத்தை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோன பிடிவாதம் மூன்றாம் விளையாட்டின் ஒவ்வொரு படத்திலும் தெரிகிறது.

தொகுப்பின் பார்வை சொந்த வரிசைக்குள் மட்டும் நிற்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். 1992இல் மிட்வே நிறுவனம் உண்மையான நடிகர்களைப் படம்பிடித்துச் செய்த ‘மார்டல் காம்பேட்’ இரத்தத்தையும் கொலையையும் காட்டியதும், அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்ததும், அதன் விளைவாக 1994இல் விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் வழங்கும் அமைப்பு உருவானதும் திரைச்சண்டையின் வரலாற்றில் பெரிய திருப்பங்கள். ஒரு நிறுவனம் தன் போட்டியாளரின் கதையைச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் முழுக் கதையைத் தேடுபவர் இதோடு நின்றுவிடக் கூடாது.

ஆடும் வசதிகளுக்கு வருகிறேன். இணையத்தில் பிறரோடு மோதும் வசதி ஹைப்பர் ஃபைட்டிங், சூப்பர் டர்போ, ஆல்ஃபா 3, தேர்டு ஸ்ட்ரைக் ஆகிய நான்குக்கு மட்டுமே உண்டு. பயிற்சிக் களமும் அந்த நான்குக்கே. மற்ற எட்டையும் ஒரே அறையில் பக்கத்தில் அமர்ந்தவரோடுதான் ஆட முடியும். பயிற்சிக் களத்தையாவது எல்லாவற்றுக்கும் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கற்றுக்கொள்ளவே இத்தொகுப்பை வாங்கும் ஒருவருக்கு, முதல் பதிப்பின் தால்சிம்மை நிதானமாகப் பழக ஓர் இடமில்லை. சூப்பர் டர்போவைத் தனியாக ஆட நினைப்பவர்கள் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்க ஆர்கேட் பதிப்பில் கணினி எதிராளி இரக்கமில்லாதவன். அமைப்புகளில் கடினத்தைக் குறைக்கலாம், இடையில் நிறுத்தி நிலையைச் சேமித்தும் வைக்கலாம். ஸ்விட்சுக்கு வாங்குபவர்களுக்கு மட்டும், நான்கு எந்திரங்களை இணைத்து எட்டுப் பேர் ஆடும் ‘டோர்னமென்ட் பேட்டில்’ பதிப்பு கூடுதலாகக் கிடைக்கிறது.

திரை அமைப்பில் ஒரு விண்ணப்பம். அகலத் தொலைக்காட்சியை முழுவதும் நிரப்பும்படி படத்தை இழுத்துவிடாதீர்கள். நான்குக்கு மூன்று என்ற பழைய தொலைக்காட்சிச் சட்டத்துக்காக வரையப்பட்ட உடல்கள் அவை. இழுத்தால் சுன்-லீகூட சுமோ மல்லன் ஹோண்டாவைப்போலப் பருத்துவிடுவாள். மூல அளவில் வைத்து, படத்தின் மேல் மெல்லிய கோடுகளை ஓடவிடும் ஆர்கேட் வடிப்பானைப் போட்டால், புள்ளிகளின் கூர்மை தணிந்து ஓவியர்கள் நினைத்த உருவம் தெரியும். தொலைக்காட்சியில் ‘கேம் மோட்’ இருந்தால் அதைப் போட மறக்க வேண்டாம். படத்தை அழகுபடுத்தத் தொலைக்காட்சி எடுத்துக்கொள்ளும் சிறு தாமதம் திரைப்படம் பார்க்கும்போது தெரியாது. நொடிக்கு அறுபது படங்கள் ஓடும் சண்டையில் தோல்விக்கு அது போதும். வட்டமும் கால்வட்டமும் சுற்ற வேண்டிய இடங்களில் அனலாக் குச்சியைவிட நான்கு திசைப் பொத்தானே எனக்குத் துல்லியமாக இருக்கிறது.

கடைசியாகத் தேர்டு ஸ்ட்ரைக். பன்னிரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் வைத்துக்கொள்வது இதுவே. எதிராளியின் அடியைப் பின்வாங்கித் தடுப்பதற்குப் பதிலாக, அடி வந்து விழும் கணத்தில் ஜாய்ஸ்டிக்கை அவனை நோக்கியே தட்டினால் அடி உதிர்ந்துபோகும். ‘பேரி’ என்பது அதன் பெயர். நேரம் தவறினால் முழு அடியும் உடலில். பின்னால் போக வேண்டிய விரலை முன்னால் போகச் சொல்லும் இந்த ஒரு விதி, சண்டை விளையாட்டில் அச்சத்தின் இடத்தையே மாற்றிவிட்டது. 2004இல் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்த, சண்டை விளையாட்டுகளுக்கான எவோ போட்டியில், கெனை ஆடிய டைகோ உமெஹாராவிடம் உயிர்க்கோடு இல்லையென்று சொல்லுமளவே மிச்சமிருந்தது. சுன்-லீயை ஆடிய ஜஸ்டின் வாங் தன் பேரடியை விட்டார். சிறப்பு அடிகளைச் சாதாரணமாகத் தடுத்தாலும் சிறிது உயிர் குறையும் என்பதால், தடுத்தாலும் உமெஹாராவுக்குத் தோல்விதான். அவர் பதினைந்து உதைகளையும் ஒவ்வொன்றாகப் பேரி செய்து, கடைசி உதையை அந்தரத்தில் வாங்கி உதிர்த்து, இறங்கும்போதே பதிலடி கோத்துச் சுற்றை வென்றார். இறுதிப் போட்டியில் அவர் தோற்றுப்போனார் என்பது பலருக்கு நினைவில்லை. அந்தச் சில நொடிகளே நின்றுவிட்டன.

என் தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் சுன்-லீயை எடுக்கிறான், நான் கெனை எடுக்கிறேன். கோடு நிரம்பியதும் அவன் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்ப்பான், நான் தலையசைப்பேன். உதைகள் இரண்டு கொத்துகளாக வருகின்றன. முதல் கொத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஒரு சிறிய மௌனம் இருக்கிறது, அங்கேதான் எல்லோரும் அவசரப்பட்டு விழுகிறார்கள். போன பொங்கலுக்கு அந்த மௌனத்தைக் கடந்து இரண்டு உதைகள் வரை வந்தேன்.